இருக்கலாமுங்க

“மே பி மட்டும் வந்துடக் கூடாது, பெரியவரே. வந்துச்சுன்னா கேஸ் அங்கியே செத்துச்சு” என்றார் கிருஷ்ணப்பன்.

தர்மபுரி கோர்ட்டுப் புளியமரத்தடியில் நிற்கிறவன் எல்லாம் வக்கீல்தான். நல்லம்பள்ளிக் கிருஷ்ணப்பன், எமர்ஜென்சிக் காலத்தில் போட்ட வரப்புக் கேசுக்காக இன்னும் வந்து போகிறவர். பெரியண்ணனை அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெரியண்ணனின் மகன் தர்மனைப் பங்குக் கிணற்றடியில் வெட்டிக் கொன்ற வழக்கு. தண்ணீர் முறையில் வந்த சண்டை. கண்ணால் பார்த்த சாட்சி பெரியண்ணன் ஒருத்தர்தான்.

“நான் தமிழ்லதானுங்களே சொல்லப் போறேன்?”

“நீங்க சொல்றது தமிழு. ஜட்ஜு டைப் அடிக்கச் சொல்றது இங்கிலீசு. ‘இருக்கலாம்’னா மே பி. ‘நெனைக்கிறேன்’னா ஐ திங்க். ‘சரியாத் தெரியல’ன்னா நாட் ஷ்யூர். எல்லாமே டவுட்டு. டவுட்டு வந்தா லாபம் கைதிக்குத்தான். வெட்டுனவன் மீசைய முறுக்கிக்கிட்டு வெளிய வந்துடுவான்.”

பெரியண்ணன் மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒன்றுமில்லை. மகனைப் புதைத்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது.

கொஞ்சம் தள்ளி அவர் மனைவி ராமக்காள் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தாள்.

“போசியில களிதானே? ரெண்டு வாய் போட்டுக்கிட்டுப் போங்க. உள்ள நேரமாயிடும்.”

“அது எனக்கில்லீங்க” என்றார் பெரியண்ணன்.

உள்ளே எதிரிக் கூண்டில் பச்சியப்பன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அரசாங்க வக்கீல் கொடுவாளைத் தூக்கிக் காட்டினார்.

“உங்க மகனை இதால வெட்டுனது இந்தப் பச்சியப்பன்தானே?”

பெரியண்ணன் கொடுவாளையும் பார்க்கவில்லை, பச்சியப்பனையும் பார்க்கவில்லை.

“இருக்கலாமுங்க.”

வக்கீலுக்கு வேர்த்தது. “என்னய்யா இருக்கலாம்? கண்ணால பார்த்தேன்னு போலீஸ்ல சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன்னு நெனைக்கிறேனுங்க.”

“பட்டப்பகல்ல கிணத்து மேட்டுல நின்னிருக்க. வெட்டுனவன் முகம் தெரியலையா?”

“சரியாத் தெரியலீங்க.”

ஜட்ஜ் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப் மிஷின் தடதடத்தது. பெரியண்ணன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மே பி வந்தது. ஐ திங்க் வந்தது. நாட் ஷ்யூர் வந்த பிறகுதான் பிடித்திருந்த கூண்டுக் கட்டையை விட்டார்.

வாசலில் கிருஷ்ணப்பன் காறித் துப்பினார். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா! எவன்கிட்ட விலை போன? பெத்த புள்ள ரத்தத்த வித்துத் திங்கறதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்.”

பெரியண்ணன் நிற்கவில்லை. திறக்காத போசியைத் தூக்கிக்கொண்டு ராமக்காளும் பின்னாலேயே பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த மாதம் தீர்ப்பு. சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். வாய்தாவுக்கு வந்திருந்த கிருஷ்ணப்பன், “பாத்துக்குங்கய்யா, கொன்னவன் கெழவன்கிட்டயே போறான். எவ்வளவு கொழுப்பு!” என்று மரத்தடிக்கே கேட்கும்படி கத்தினார்.

பச்சியப்பன் பெரியண்ணன் எதிரில் வந்து நின்றான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவனால். ராமக்காள் போசியைத் திறந்து, களியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள்.

பெரியண்ணன் வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“தின்னுடா. பெத்த ரெண்டுல மிச்சம் நீதான்.”