ஆள் இருக்கும் நாற்காலி

சாகக் கிடப்பவர்களின் வலியைப் பற்றி ஆராய்பவள் அவள். நின்றபடி கேள்வி கேட்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பது அவளது ஆய்வுக் குழுவின் முதல் விதி. அன்று மருத்துவமனையில் ஒரு கட்டிலருகே காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்தாள்.

“அதுல உட்காராதம்மா,” என்று சிடுசிடுத்தார் கட்டிலில் கிடந்த கிழத் தபால்காரர். “ஆள் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

இதற்கு முன் இதையே சொன்ன லாரி டிரைவரும் தையல்கார அம்மாவும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. மருந்து மயக்கம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் நாள் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது தங்கை எதிர் நாற்காலியை இழுத்தாள்.

“அதுல உட்காராதடி! ஆள் இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரு, அக்கா?”

எதிரே இருப்பவர்மேல் பட்டுவிடாதபடி அவள் மேசைக்கடியில் கால்களை மெல்ல இழுத்துக்கொண்டாள்.