சிவந்துபோன அட்ரினலின்

கண்ணாடிக் குழாயின் வெதுவெதுப்பான உப்புநீரில், முயலின் இரத்தக்குழாய்த் துண்டு ஒன்று நூலில் தொங்குகிறது. அது சுருங்கினால் நூல் இழுபட்டு, ஓடும் தாளில் பேனா மேலேறும். பயந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின், ஜன்னலோரக் குப்பியில் வெயில் பட்டுச் சிதைந்து இளஞ்சிவப்பாகிக் கிடக்கிறது. அதைத்தான் ஆய்வாளர் சற்றுமுன் கவனிக்காமல் குழாயில் விட்டுவிட்டாள்; பேனா அசையவில்லை. இப்போது அதன்மேல், தூக்கத்தை விரட்டும் மருந்தில் ஒரே ஒரு சொட்டு விடுகிறாள். காலையில் இதே சொட்டைத் தனியாக விட்டபோது பேனா நகக்கண் அளவுதான் ஏறியது. இப்போது கிறீச்சென்று ஏறித் தாளின் விளிம்பில் முட்டி நிற்கிறது. "செவந்துபோனதை ஊத்திட்டீங்களேக்கா, இது கணக்குல சேராது," என்கிறாள் பக்கத்து மேசைக்காரி. ஆய்வாளர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லாரி ஓட்டிய தம்பி அன்று போனில் பேசிய குரல் காதுக்குள் கேட்கிறது. "எதிர்ல பஸ்ஸுக்கா, மயிரிழையில தப்பிச்சேன். ஒடம்பு இன்னும் படபடங்குது. தூக்கம் வராம இருக்க அந்த மாத்திரைய போட்டுக்கவா?" மருந்து படித்த அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. போட்டுக்கொண்டான். அன்று மாலையே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். ஒரு மாத்திரைக்கெல்லாம் நெஞ்சு நிற்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். குழாயின் நீரை வடித்துப் புதுநீர் விடுகிறாள். மறுபடி வடிக்கிறாள், மறுபடி விடுகிறாள். பேனா இறங்கவில்லை. ஒரு சோதனை வீணானதற்குத்தான் வருந்துகிறாள் என்று நினைத்த பக்கத்து மேசைக்காரி, அன்று போனில் ஆய்வாளர் தம்பிக்குச் சொன்ன அதே சொற்களைச் சொல்கிறாள்: "ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாது."