சாகாத மருமகள்

“அந்தப் புள்ளைய இந்த வாரமே கொன்னுடுங்க தம்பி. இன்னும் ஏன் தள்ளிப்போடுறீங்க?”

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த சத்யபிரியா காதைக் கதவில் ஒட்டவைத்தாள். உள்ளே பேசியது பரிமளா. கேட்டுக்கொண்டிருந்தவர் கதாசிரியர் நிலவழகன். ‘அந்தப் புள்ளை’ யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

‘பாதாளக் கொலுசு’ என்ற பேய்த் தொடரின் படப்பிடிப்பு அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டில் நடந்துகொண்டிருந்தது. பரிமளா மாமியார், சத்யபிரியா மருமகள். பரிமளா திருவிழா மேடைகளில் விடிய விடிய நாடகம் ஆடிவிட்டு வந்தவர். மந்திரவாதியாக வந்து ஊரையே நடுங்கவைக்கும் ஆரோக்கியதாஸ், போன வருடம்வரை ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். கண்ணை உருட்டுவதற்கு அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. சத்யபிரியா கறம்பக்குடி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக்கொடுத்தவள். வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்ததிலிருந்து அப்பா பேசுவதில்லை. “ஒரு வருஷம் டிவியில ஒன் மொகம் தெரியட்டும், அப்புறம் பேசுறேன்” என்று சொல்லிவிட்டார்.

தொடரிலிருந்து ஒருவரை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஆள் மட்டும் வேண்டாமென்றால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் போட்டுவிடுவார்கள். பாத்திரமே வேண்டாமென்றால் கொன்றுவிடுவார்கள். சத்யபிரியாவின் கணவனாக நடித்த விக்ரம் அப்படித்தான் லாரியில் அடிபட்டுச் செத்தான். மாலை போட்ட படம் சுவரில் தொங்குகிறது. ஆள் திருமயத்தில் செல்போனுக்குக் கவர் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்து யார் சாவார் என்பது நடிப்பவர்களுக்குத் தெரியாது. அன்றைய வசனத் தாள் அன்று காலையில்தான் கைக்கு வரும். முதல் நாளே கொடுத்தால் கதை யூடியூபில் வந்துவிடும் என்ற பயம். கொலுசுப் பேயின் முகத்தைக்கூட இன்னும் யாரும் பார்க்கவில்லை. இதுவரை வந்தது சத்தம் மட்டும்தான். அதுவும் பித்தளைத் தாம்பாளத்தில் கொலுசை உருட்டிப் பதிவு செய்த சத்தம்.

சத்யபிரியா யோசித்துப் பார்த்தாள். போன வாரம் அவள் அலறிய அலறலுக்கு எல்லாரும் கை தட்டினார்கள். பரிமளா மட்டும் தட்டவில்லை. கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போதல்லவா விளங்குகிறது!

மறுநாள் மதியம், அம்மா வைத்துக்கொடுத்த நாட்டுக்கோழிக் குழம்போடு நிலவழகன் முன்னால் போய் நின்றாள்.

“சார், என்னையக் கொன்னுடாதீங்க. கடைசிவரைக்கும் உசுரோட வச்சிருங்க.”

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “கடைசிவரைக்குமா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?”

“யோசிச்சாச்சு சார். யாரையாவது கொன்னே ஆகணும்னா பரிமளாக்காவக் கொல்லுங்க.”

நிலவழகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதையை வெளியே விட்டால் தன் வேலைக்கே மாலை விழும் என்பது ஞாபகம் வந்தவர்போல, அந்த வாயில் சோற்றை வைத்து அடைத்துக்கொண்டார்.

“சரி, ஒன் இஷ்டம்.”

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. மருமகளுக்கு யாரோ வைத்த விஷப் பாலை மாமியார் தெரியாமல் குடித்துச் சாகிறார்!

சத்யபிரியாவுக்கு உள்ளுக்குள் நிஜமாகவே கொலை செய்த படபடப்பு. பரிமளா பால் தம்ளரைக் கீழே போட்டுவிட்டு, வாயில் பற்பசை நுரை தள்ளச் சாய்ந்தார். மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, கூடத்தில் கிடத்தினார்கள். சத்யபிரியா விழுந்து புரண்டு அழுதாள். பாதி அழுகை சந்தோஷத்தில் வந்தது.

பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்கள். நிஜத்தில் எதுவும் ஆகிவிடக் கூடாதென்று, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துவிட்டு, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். பரிமளாவும் எழுந்து உட்கார்ந்தார். திருவிழாக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சிரித்துப் பழகிய தொண்டை. மூக்குப் பஞ்சோடு சிரித்தார்.

முற்றத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. ஆரோக்கியதாஸ் உடுக்கையைக் கீழே போட்டுவிட்டு, “மாதாவே!” என்றார்.

“கேமராவ நிறுத்தாதீங்க! நம்ம பேயி சிரிக்க வேண்டிய சிரிப்பு இதுதான்!” டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “நாளைக்கே அக்காவுக்குக் கயிறு கட்டி உத்தரத்துல ஏத்துங்க. இனிமே சீரியல் முடியறவரைக்கும் அக்காதான் கொலுசுப் பேயி. போஸ்டர்லயும் அவுங்க மொகந்தான்!”

சத்யபிரியாவின் அழுகை பாதியில் நின்றது. “அப்ப நானு சார்?”

“நீதான் உசுரோட இருக்கியே! பேயப் பாத்துட்டு நாளையிலேருந்து மயக்கம். மொகத்த அங்கிட்டுத் திருப்பிப் படுத்துக்க.”

பூசணிக்காய் உடைத்தார்கள். பரிமளா பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே சத்யபிரியாவிடம் வந்தார். அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

“இந்த மூட்டு வலியோட நான் உத்தரத்துல தொங்கவாடி? பேய்க்கதையில செத்தவதான பேயா வருவா? அன்னைக்கு நீ அலறுனதக் கேட்டதுலேருந்து, இந்தத் தொண்டைதான் பேய்க்குச் சரின்னு, ஒன்னையக் கொல்லச் சொல்லி அந்தத் தம்பிகிட்ட தெனமும் கெஞ்சிக்கிட்டிருந்தேன். எந்தப் பாவி குறுக்க புகுந்து ஒன் உசுரக் காப்பாத்துனான்னு தெரியலையே!”