பஃப் கை ஜாக்கெட்

பீரோவின் அடித்தட்டில் ஒரு பஃப் கை ஜாக்கெட் முப்பது வருஷமாகக் கிடந்தது. மேலே கம்பியில் தொங்கிய கையில்லாத ஜாக்கெட்டுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"ஏன் அக்கா, ரெண்டு தோள்லயும் பலூன் கட்டிக்கிட்டு எங்கே கிளம்பிட்டீங்க?"

"நான் வந்த புதுசுல தெருவே என்னைத்தான் பார்த்துச்சு."

ஒருநாள் பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுப்பவர் வாசலில் குரல் கொடுத்தார். வீட்டுக்காரி வனஜா, பஃப் கையை எடுத்து மூட்டையில் திணித்தாள்.

"உங்களுக்கு வாளி எங்கே தரப்போறார்? மூடிதான் கிடைக்கும்" என்றது கையில்லாதது.

அதற்குள் வனஜாவின் மகள் ஓடிவந்து பஃப் கையை உருவி எடுத்தாள்.

"அம்மா, இப்போ எல்லாரும் இதைத்தான் தைச்சுப் போடுறாங்க!"

உள்ளே மடித்துத் தைத்திருந்த இரண்டு விரல் துணியைப் பிரித்ததும் அளவு சரியாக வந்தது. மறுவாரம் ஒரு கல்யாணத்தில், எந்த டெய்லர் என்று ஐந்து பேர் கேட்டார்கள்.

மல்லிகைப்பூ வாசத்தோடு திரும்பிய பஃப் கை, கம்பியில் ஏறித் தொங்கியது. அடித்தட்டுக்குப் போயிருந்த கையில்லாதது முனகியது.

"அக்கா, இங்கே ஒரே அந்துருண்டை நாத்தம்!"

பஃப் கை தோள்களை நன்றாக உப்பிக்கொண்டது.

"முப்பது வருஷம்தானேடி, பழகிடும்."