விருந்தாளி வண்டி

லீவுக்கென்று இசக்கிசெல்வி ஏரல் மாமியார் வீட்டிலிருந்து அப்பா வீட்டுக்கு ஓட்டிவந்த ஸ்கூட்டரில், குடியிருப்புச் சங்கம் அபராதச் சீட்டு ஒட்டியிருந்தது. அவள் அப்பா ஆறுமுகநயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விருந்தாளி வண்டி மூணு நாளைக்கு மேல நிக்கக் கூடாதாம்லா! விட மாட்டேன், செக்ரட்டரிகிட்ட அப்பீல் பண்ணுதேன்."

"எதுக்குப்பா வம்பு? அபராதத்தைக் கட்டிருவோம். நாளைக்கே நான் ஏரலுக்குக் கிளம்பிருதேன்."

"ஏளா, ரூவா கெடக்கட்டும். விருந்தாளின்னு எழுதியிருக்கான் பாரு, அதை அடிச்சிட்டு வீட்டு வண்டின்னு எழுதச் சொல்லணும்."

இசக்கிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"மாப்பிள்ளை அடிச்ச தழும்பை நீ வந்த அன்னைக்கே பாத்துட்டேன். இனிமே அங்கன போவாண்டாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

வந்ததிலிருந்து பூட்டியே கிடந்த பெட்டியை இசக்கிசெல்வி திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.