சுண்ணாம்புக் கோடு

வாரமெல்லாம் வேலையே கதியென்று கிடந்த சிவில் இன்ஜினியர் அருள்ஜோசப், ஞாயிறு பூசை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். ஜேசிபி டிரைவர் முனிராஜிடமிருந்து போன்.

“ஜூஜுவாடிக்கு வேலைக்கு வந்தேன் சார். உங்க காலி மனையில சுண்ணாம்புக் கோடு போட்டிருந்துச்சு. நம்ம சாருக்குச் செய்யாம யாருக்குச் செய்யறதுன்னு, கோட்டு மேலயே தோண்டிட்டேன். கொஞ்சங்கூட விலகல.”

அருள்ஜோசப் அப்படியே படியில் உட்கார்ந்தார். “சரிப்பா” என்று போனை வைத்தார்.

ஷட்டில் பேட்டோடு மகள் டெல்சி வந்தாள். “போலாமாப்பா? கோர்ட்டுக்குக் கோடெல்லாம் போட்டாச்சுன்னீங்களே?”

“போட்டேன்மா. வீட்டுக்கு அஸ்திவாரம்னு நெனச்சு முனிராஜ் தோண்டிட்டாரு.”

டெல்சி பேட்டை உறையில் போட்டாள்.

“நீங்க போட்ட கோடாச்சே. வெளையாடப் போட்டதுன்னு யாருப்பா நெனப்பாங்க?”