கழுத்தில்லாத வண்டி

ரெட்டிபாளையம் சாலையோரம் ஜெயசுதாவின் மின்சாரக் கார் நிற்கிறது. பின்னால் டிரெய்லர் நிறைய வெங்காய மூட்டைகள். சற்றுமுன் ஓடிக்கொண்டிருந்தபோது, சிமெண்ட் லாரி கடந்த காற்றில் டிரெய்லர் பாம்பாய் நெளிந்தது. இன்னொரு முறை ஆடினால் கவிழ்ந்துவிடும். "மூட்டையெல்லாம் ஏன் மாமா பின்பக்கமா ஏத்துனீங்க?" என்கிறாள் ஜெயசுதா. "முன்பாரம் போட்டா கழுத்து நோகும்ல," என்கிறார் மாமனார் நடராசன், மாட்டுவண்டி ஓட்டிய பழக்கத்தில். "எது, காரு கழுத்தா?" அவர் வேட்டியை மடித்துக் கட்டுகிறார். இருவரும் மூட்டைகளை முன்னுக்கு இழுக்க, வெயிலில் சிவப்புச் சருகுகள் பறக்கின்றன, காரோடு டிரெய்லரை மாட்டிய கொக்கியின் மேல் பாரம் இறங்குகிறது. கார் சத்தமில்லாமல் கிளம்புகிறது. எதிரே லாரி உறுமி வருகிறது, கடக்கிறது. நடராசன் இருக்கையில் திரும்பி மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியே பார்க்கிறார். "ஆடுதா மாமா?" "அசையலம்மா. இன்னொரு லாரி வரட்டும், பாப்போம்."